வாசற்படியில் அணில்வால்: பூனை வளர்ப்போருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பூனை வீட்டாருக்கு,

இந்த மடல் எல்லாப் பூனை வீட்டாருக்கும் எழுதப்பட்டதன்று. கதவு திறந்ததும் மதில்மேல் தாவி மறைந்து, சாப்பாட்டு நேரம் பார்த்துத் திரும்புகிற பூனை சில வீடுகளில் இருக்கும். அந்த வீட்டாருக்குத்தான் இது. அங்கே காலையில் கோலம் போட வந்தால் படியில் அணில்வால் மட்டும் கிடக்கும். இன்னொரு நாள் கட்டிலுக்கு அடியிலிருந்து தவிட்டுக்குருவி இறகு பறந்து வரும். சிலர் பூனையைத் திட்டுகிறார்கள். சிலர் செருப்பைத் தேடுகிறார்கள். பலர் “அது பிறவிக்குணம், என்ன பண்றது” என்று முறத்தில் அள்ளிக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். இந்த மூன்றிலும் அடுத்த அணிலுக்கு ஒரு பயனும் இல்லை. அதைப் பிழைக்கவைக்கும் வழிகள் சில உண்டு. நூற்றுக்கணக்கான வீடுகளில் அவற்றைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அந்த வழிகளில் பூனையைத் திருத்துகிற வேலை கொஞ்சம்தான். தட்டில் என்ன விழுகிறது, கதவு எப்போது திறக்கிறது, மாலையில் அதோடு யார் விளையாடுகிறார்கள் என்பவைதான் மாற வேண்டியவை.

“எங்க பூனை சாதுங்க, எதையும் தொடாது” என்று சொல்பவர்கள் முதலில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரப் பூனைகளைப் பற்றிக் கேட்க வேண்டும். கெரி ஆன் லாய்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அங்கே 55 வீட்டுப் பூனைகளின் கழுத்தில் சிறு கேமராவைக் கட்டி வெளியே விட்டார்கள். 2013-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. பூனைகளில் 44 சதவீதம் வேட்டையாடின. பிடித்த இரையில் வீட்டுக்கு வந்து சேர்ந்தது 23 சதவீதம் மட்டுமே. 28 சதவீதத்தை அங்கேயே தின்றுவிட்டன. மீதியை, அதாவது ஏறக்குறையப் பாதியைக் கொன்ற இடத்திலேயே போட்டுவிட்டு நடையைக் கட்டிவிட்டன. ஆக, வாசற்படியில் கிடப்பது நடந்ததில் கால்பங்குதான். எந்த இனம் அதிகம் அகப்பட்டது என்று பார்த்தால், பறவைகூட இல்லை. ஓணான் சாதியைச் சேர்ந்த ஒரு சிறு பச்சைப் பிராணி. நம் ஊர்த் தோட்டத்திலும் ஓணானும் அரணையும் போனால் யார் கணக்கு வைக்கிறார்கள்? குருவி செத்தால் வருத்தப்படும் வீட்டில் பல்லி செத்தால் பூனைக்குப் பாராட்டு கிடைப்பதும் உண்டு.

அதே 2013-இல் ஸ்காட் லாஸ், டாம் வில், பீட்டர் மர்ரா ஆகியோர் அமெரிக்கா முழுவதற்குமாக ஒரு மதிப்பீடு செய்தார்கள். வெளியே திரியும் பூனைகள் ஆண்டுக்கு நூறு கோடிக்கும் மேற்பட்ட பறவைகளைக் கொல்கின்றன என்று அது சொன்னது. அதில் பெரும்பங்கு வீடில்லாத பூனைகளுடையது என்பதையும் சேர்த்துத்தான் சொன்னது. செய்தித்தாள்கள் முதல் பாதியை மட்டும் பெரிய எழுத்தில் போட்டன. தெருப்பூனை, வீட்டுப்பூனை என்ற இந்தப் பிரிவு நம் ஊரில் இன்னும் மங்கல். மூன்று வீட்டில் பால் குடித்து, நான்காவது வீட்டு மாடியில் குட்டி போடுகிற பூனை யாருடையது என்று கேட்டால் தெருவே சிரிக்கும்.

பசியைப் பற்றி இரண்டு நம்பிக்கைகள் உலவுகின்றன. சோறு போடாமல் விட்டால்தான் எலி பிடிக்கும் என்பது பழைய மளிகைக்கடை நியாயம். வயிறு நிறைந்தால் வேட்டைக்குப் போகாது என்பது அன்புள்ளவர்களின் நியாயம். இரண்டும் பூனையைச் சரியாகப் புரிந்துகொண்டவை அல்ல. ராபர்ட் ஆடமெக் என்பவர் 1976-இல் வெளியிட்ட சோதனையில், பூனைகள் தங்களுக்குப் பிடித்த உணவைத் தின்றுகொண்டிருக்கும்போதே எலி ஒன்று எதிரே விடப்பட்டது. அவை தட்டை விட்டு எழுந்தன, எலியைக் கொன்றன, திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தின்றன. காரணம் எளிது. பூனைக்கு வாய்ப்பது சுண்டெலி அளவுள்ள சிறு இரை. ஒரு நாளைக்கு அப்படிப் பல வேண்டும். பாய்ந்த பாய்ச்சல் எல்லாம் பலிப்பதும் இல்லை. பசி எடுத்த பிறகுதான் புறப்படுவேன் என்றிருந்த பூனை பட்டினியில் செத்திருக்கும். எனவே அசைவும் சரசரப்பும்தான் அதைக் கிளப்பிவிடுகின்றன. பட்டினி போடப்பட்ட பூனை இன்னும் அதிகத் தொலைவு அலையும், கிடைத்ததைத் தின்னும், நோயும் வாங்கும்.

எலிக்காகத்தான் பூனை என்பவர்களுக்கு நியூயார்க்கின் புரூக்ளினிலிருந்து ஒரு தகவல். மைக்கேல் பார்சன்ஸ் குழுவினர் அங்கே ஒரு குப்பை மறுசுழற்சிக் கூடத்தில் எலிக்கூட்டத்தையும், அங்கு வந்துபோகும் பூனைகளையும் 79 நாள் கேமராவில் பார்த்தார்கள். பூனைகள் பதுங்கிப் பின்தொடர்ந்தது 20 முறை. கொல்ல முயன்றது 3 முறை. கொன்றது 2 எலி. பூனை நடமாடினால் எலி வெளியே தலைகாட்டுவது குறைந்தது, அவ்வளவுதான். பார்வைக்கு எலி குறைந்தால் பூனைக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. சுண்டெலியைப் பூனை பிடிக்கும், சந்தேகமே வேண்டாம். நம் சாக்கடைப் பெருச்சாளி பல்லைக் காட்டி எதிர்த்து நின்றால் வேறு வேலை இருப்பதுபோல விலகிப்போகும் பூனைகளே அதிகம். அவற்றுக்கு அணிலும், பறக்கப் பழகும் குருவிக்குஞ்சும் எளிது.

இனி வழிகள். இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தில் நடந்தது. மார்ட்டினா செச்சேத்தி, ராபி மெக்டொனால்ட் முதலியோர் தென்மேற்கு இங்கிலாந்தில் 219 வீடுகளின் 355 பூனைகளை 12 வாரம் கவனித்து 2021-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எல்லாமே வேட்டையாடி இரையை வீட்டுக்குக் கொண்டுவரும் பூனைகள். ஒரு பிரிவுக்குத் தானியம் சேர்க்காத, இறைச்சிப் புரதம் மிகுந்த உணவு. ஒரு பிரிவோடு தினமும் 5 முதல் 10 நிமிடம் விளையாட்டு. மற்றவற்றுக்கு மணி, வண்ணக் கழுத்துத்துணி, உணவை உருட்டி எடுக்கும் புதிர்ப்பந்து என்று ஒவ்வொன்று. இறைச்சி உணவு தின்றவை வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்தது. விளையாடியவற்றில் 25 சதவீதம் குறைவு. வண்ணத்துணி அணிந்தவை கொண்டுவந்த பறவைகள் 42 சதவீதம் குறைந்தன. எலி போன்ற பாலூட்டிகளில் மாற்றம் இல்லை. மணியால் சொல்லும்படியான பலன் எதுவும் தெரியவில்லை. புதிர்ப்பந்து கொடுத்த பூனைகளோ முன்பைவிட 33 சதவீதம் அதிகம் பிடித்து வந்தன! பழக்கமில்லாத பந்தோடு போராடிச் சலித்த பூனை வெளியே போய் வேறு தேடிக்கொண்டது போலும்.

உணவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனென்றால் நம் வீடுகளில்தான் பூனைத் தட்டு மிகவும் ஏமாற்றுகிறது. கடையில் விற்கும் சில பூனை உணவுகளில் புரதம் சோயா போன்ற தாவரத்திலிருந்து வருகிறது. அதில் ஏதோ நுண்சத்து குறைந்து, அதைத் தேடிப் பூனை வேட்டைக்குப் போகிறதோ என்பது எக்ஸெட்டர் குழுவின் ஊகம். அங்கே சோயாவுக்கே இந்தக் கேள்வி என்றால், பால்சோறும் தயிர்சாதமும் தின்னும் நம் பூனையை என்னவென்பது? பூனை இறைச்சியின்றி வாழ முடியாத பிராணி. டாரின் என்ற சத்தைப் போதிய அளவு அதன் உடல் தானே செய்துகொள்ளாது. இறைச்சியிலும் மீனிலும்தான் அது கிடைக்கும். குறைந்தால் கண்ணின் விழித்திரை கெடும், இதயத் தசை தளரும். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஆய்வாளர் பால் பயான் (Paul Pion) 1987-இல் இந்த இதய நோய்க்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பைக் காட்டிய பிறகுதான் பூனை உணவு நிறுவனங்கள் அதைக் கூடுதலாகச் சேர்க்கத் தொடங்கின. காரட்டிலிருந்து வைட்டமின் ஏ எடுக்கும் திறமையும் பூனைக்கு இல்லை.

பாலும் பூனையும் இணைபிரியாதவை என்பது படங்களில் மட்டும்தான். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிறு கழியும். குழம்பு பிசைந்த மீன்சோறு இன்னொரு சிக்கல்: அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. பச்சை மீனையே தொடர்ந்து போட்டால், சில மீன்களில் உள்ள ஒரு நொதி பி1 வைட்டமினை அழித்துவிடும். வேகவைத்தால் அந்தத் தொல்லை இல்லை. மத்தியோ கோழியோ, உப்பும் காரமும் சேர்க்காமல் வேகவைத்து முள்ளும் எலும்பும் எடுத்துப் போடலாம். ஆனால் அதுமட்டுமே முழு உணவாகாது. பொட்டல உணவு வாங்குபவர்கள் முன்பக்கத்துப் படத்தைவிடப் பின்பக்கத்துப் பட்டியலைப் படிப்பது நல்லது. முதல் பெயராகக் கோழியோ மீனோ இருக்க வேண்டும். சோளமும் கோதுமையும் முதலில் வந்தால் திருப்பி வைத்துவிடலாம். மாற்றும்போது பழையதோடு கலந்து, ஒரு வாரம் பத்து நாளில் மெல்ல மாற்ற வேண்டும். வீட்டில் மீன் கறி நுழையக்கூடாது என்னும் குடும்பங்களுக்கும் இந்தப் பொட்டலங்களே கைகொடுக்கும். சமையலறைக்குள் வைக்க மனமில்லையென்றால் பின்கட்டில் வைத்துக்கொள்ளலாம். அந்தச் சைவ வீட்டுப் பூனை எப்படியும் பக்கத்துத் தோட்டத்தில் அசைவம்தான்.

விளையாட்டுக்குக் காசே வேண்டாம். ஒரு குச்சி, நுனியில் கயிறு, அதில் கோழி இறகு. தரையில் இழுத்து, சோபாவுக்குப் பின்னால் மறைத்து, திடீரென்று நிறுத்தி, மறுபடி இழுத்தால் பூனை பதுங்கும், இடுப்பை ஆட்டும், பாயும். எக்ஸெட்டர் வீடுகளில் இதோடு நிற்கவில்லை. கடைசியில் ஒரு துணி எலியைக் கொடுத்துக் கவ்வவும் உதைக்கவும் விட்டார்கள். வேட்டை பிடியில் முடிய வேண்டும் என்பது இதன் சூட்சுமம். சுவரில் ஓடும் லேசர் புள்ளியில் அந்த முடிவு இல்லாததால் பூனை தவித்துப்போகும். பொழுது சாயும் நேரம் விளையாடி, உடனே சாப்பாடும் போட்டால் அது நக்கிக்கொண்டு படுத்துவிடும். ஒரே எச்சரிக்கை: ஆட்டம் முடிந்ததும் கயிறு அலமாரிக்குள் போகட்டும். பூ கட்டும் நூலும் தையல் நூலும் பூனையின் குடலுக்குள் போனால் குடலைச் சுருக்கி அறுக்கும். அறுவை சிகிச்சைதான் வழி.

மணி விஷயத்தில் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். 2005-இல் பிரிட்டனின் பறவைகள் பாதுகாப்புச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் நடத்திய ஆய்வில் மணி கட்டிய பூனைகள் கொண்டுவந்த பறவைகள் 41 சதவீதமும் பாலூட்டிகள் 34 சதவீதமும் குறைந்தன. எக்ஸெட்டரில் அப்படி எதுவும் கிடைக்கவில்லை. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று காலங்காலமாகக் கேட்கிறோம். கட்டிய பின் என்ன ஆகும் என்பதில் ஆய்வாளர்களே ஒன்றுபடவில்லை. ஒன்று மட்டும் நிச்சயம்: கூட்டிலிருந்து விழுந்து பறக்கத் தெரியாமல் செடியடியில் உட்கார்ந்திருக்கும் குஞ்சுக்கு மணி கேட்டும் பயன் இல்லை.

வண்ணத்துணியின் கதை சுவையானது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் நான்சி பிரென்னன் என்பவரின் பூனை ஜார்ஜ் பறவைகளாகப் பிடித்துத் தள்ளியது. அதைத் தடுக்க அவர் பளிச்சென்ற வண்ணத் துணியில் ஒரு கழுத்துச் சுற்று தைத்தார். பறவைகளுக்கு நிறப்பார்வை நம்மைவிடக் கூர்மை. மஞ்சளும் சிவப்புமாக ஏதோ நகர்ந்தால் பறந்துவிடும். எலிக்கு அந்த நிறங்கள் அவ்வளவாகத் தெரியாது, அதனால் எலி பிடிக்கும் வேலைக்கு இடைஞ்சலும் இல்லை. தையற்கடையில் மிஞ்சும் ஜாக்கெட் துணியில் இதைத் தைத்துவிடலாம். உள்ளே இருக்கும் கழுத்துப்பட்டை மட்டும் இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் கொக்கி வைத்ததாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மரக்கிளையிலோ கம்பி வேலியிலோ மாட்டிப் பூனை தொங்கிவிடும்.

கதவு எல்லாவற்றையும்விட வலியது. விடியலும் அந்தியும் பூனையின் வேட்டை வேளை. மாலை வெளிச்சம் மங்குவதற்கு முன் உள்ளே அழைத்து, காலையில் வெயில் ஏறிய பிறகு திறந்துவிடும் வீட்டில் பாதி வேலை முடிந்தது. தோட்டத்தில் தையல்சிட்டு இலையைத் தைத்துக் கூடு வைத்திருந்தாலோ, தவிட்டுக்குருவிக் கூட்டம் குஞ்சுகளைத் தரையில் கூட்டிக்கொண்டு திரிந்தாலோ அந்த நாட்களில் முழுக்க அடைத்துவைப்பதே மேல். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஏற்கெனவே பாதி வசதி உண்டு: புறாவுக்காகப் பால்கனியில் கட்டும் வலை பூனையையும் உள்ளே நிறுத்தும், கீழே விழாமலும் காக்கும். நைலானைக் கடிக்கிற பூனை என்றால் கம்பிவலை. உள்ளே இருக்கும் பூனைக்கு உயரத்தில் உட்கார ஓர் இடம், நகம் கீற ஒரு சணல் சுற்றிய கட்டை, தினமும் சுத்தம் செய்யும் மணல்தட்டு, பார்க்க ஒரு சன்னல் வேண்டும். ட்யூப்லைட் பல்லிகள் அப்போதும் தப்பாது. அதற்கு இந்த மடலில் மருந்து இல்லை.

“சுதந்திரமா திரியற பிராணியை அடைக்கிறது பாவம்” என்பவர்களை ஒதுக்கித் தள்ளவும் முடியாது. பிரிட்டனில் சாரா கிரௌலி குழுவினர் 2020-இல் வெளியிட்ட ஆய்வு பூனை வளர்ப்பவர்களை ஐந்து வகையாகப் பிரித்தது. பூனைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அஞ்சுகிறவர்கள் ஒரு முனை. அதன் சுதந்திரத்தில் கைவைக்கக்கூடாது என்பவர்கள் மறுமுனை. வேட்டை பிடிக்காவிட்டாலும் சகித்துக்கொள்பவர்களும், தங்கள் பொறுப்பு என்று உணர்ந்து ஏதாவது செய்ய நினைப்பவர்களும், இதைப் பற்றி யோசித்தே பார்க்காதவர்களும் நடுவில். எல்லாரையும் ஒரே சட்டத்தால் அடக்கப் பார்த்த ஊரும் உண்டு. ஜெர்மனியின் வால்டார்ஃப் நகரின் தென்பகுதியில், தரையில் கூடு கட்டும் கொண்டை வானம்பாடிகளைக் காப்பதற்காக 2022 முதல் குஞ்சு பொரிக்கும் பருவம் முழுவதும் பூனைகளை வெளியே விடக்கூடாது என்று உத்தரவு வந்தது. மீறினால் 500 யூரோ அபராதம் என்றது. பூனை ஒரு வானம்பாடிக்கு ஊறு செய்தால் 50,000 யூரோ வரை. அந்தப் பறவை அங்கே அழியும் நிலையில் இருந்ததால் உத்தரவில் நியாயம் உண்டு. நம் ஊரில் அப்படிச் சட்டம் வந்தால் அதை முதலில் மீறுவது உத்தரவை ஒட்டும் அலுவலகத்துப் பூனையாகத்தான் இருக்கும்.

குருவிக்காக மனம் இளகாதவர்கள் பூனைக்காகவாவது யோசிக்கலாம். எலிமருந்து தின்று தள்ளாடும் எலிதான் எளிதில் அகப்படும் எலி. புரோமடியோலோன் போன்ற மருந்துகள் ரத்தத்தை உறையவிடாமல் கொல்பவை. அந்த எலியைத் தின்ற பூனைக்கும் உள்ளுக்குள் ரத்தம் கசியும். ஈறு வெளுத்து, மூச்சு வாங்கினால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும்; நேரத்தோடு போனால் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்ற முடியும். பாம்போடு மல்லுக்கு நின்ற பூனைக் கதை ஊருக்கு ஒன்று இருக்கிறது, எல்லாக் கதையிலும் பூனை ஜெயிப்பதில்லை. எலியிலிருந்து நாடாப்புழு வரும். வேட்டைப் பூனைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து வேண்டும். டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியும் பெரும்பாலும் இரை வழியாகத்தான் பூனைக்குள் போகிறது. பூனை கழித்த பிறகு அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும் என்பதால் மணல்தட்டைத் தினமும் சுத்தம் செய்தாலே ஆபத்து வெகுவாகக் குறையும். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் அந்த வேலையை வேறொருவர் செய்ய வேண்டும்.

கருத்தடையைப் பற்றிச் சுருக்கமாக. அறுவை செய்ததால் பூனை வேட்டையை மறந்துவிடாது. ஆனால் கடுவன் தொலைதூரம் அலைவது குறையும். பெட்டை ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்று ஈன்று, அந்தக் குட்டிகள் தெருவில் இரை தேடுவது நிற்கும். ஆறு மாதத்துக்கு முன்பே பெட்டை சினைக்கு வந்துவிடக்கூடும் என்பதால் “ஒரு தடவை குட்டி போடட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்பது பெரும்பாலும் இரண்டாம் ஈற்றில் போய் முடிகிறது. படியில் சோறு வைத்துத் தெருப்பூனையை வளர்ப்பவர்களும் இதில் சேர்த்திதான்.

இத்தனையும் செய்த வீட்டிலும் ஒரு நாள் பூனை எதையாவது கவ்விக்கொண்டு வரும். அப்போது கத்தினால் அது இரையோடு கட்டிலுக்கு அடியில் போய்விடும். பிடித்தது குற்றம் என்று அதற்குப் புரியவும் புரியாது. துணி எலியையோ ஒரு துண்டு மீனையோ காட்டினால் பெரும்பாலும் வாயைத் திறக்கும். குருவிக்கோ அணிலுக்கோ உயிர் இருந்தால் மென்துணியால் பிடித்து, காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, மூடி, இருட்டான அமைதியான இடத்தில் வைக்க வேண்டும். அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றக்கூடாது; மூச்சுக்குழாயில் போய்விடும். மேலே காயம் தெரியவில்லை என்று பறக்கவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. பூனையின் வாயில் பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா உண்டு; ஊசிமுனை அளவு பல்தடம் பட்டிருந்தாலும் ஓரிரு நாளில் ரத்தத்தில் நஞ்சேறிப் பறவை இறந்துவிடும். அன்றைக்கே ஆன்டிபயாடிக் கிடைத்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு. சென்னையில் இருப்பவர்கள் 1959 முதல் இயங்கும் புளூ கிராஸைக் கேட்கலாம். மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருந்தகத்தையோ வனத்துறையையோ அழைக்கலாம். பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது பூனையை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
பூனைகளுக்கும் குருவிகளுக்கும் வேண்டிய ஒருவர்